இரண்டு பீம்களுக்கு நடுவே

மிக்சர் சுற்றிக்கொண்டிருந்தது. அது சுற்றுகிற வரைக்கும் எதுவும் கெட்டுப்போகவில்லை என்று நயினார் தனக்குள் சொல்லிக்கொண்டார். காலையில் டீசல் ஊற்றிக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றியதும் அது இருமியது, புகை கக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. அப்போதிருந்து அந்தச் சத்தம் நிற்கவில்லை. பெரிய வாய் ஒன்று கூழாங்கற்களைப் போட்டுக் கொப்பளிப்பதுபோல உள்ளே ஜல்லி புரண்டுகொண்டே இருந்தது. கரிசல்காட்டு ஊர் ஒன்றின் அரசுப் பள்ளிக்கூடம். புதிதாக இரண்டு வகுப்பறைகள். அவற்றுக்கு இன்றைக்குத்தான் மேல்தளம். மேற்கு ஓரத்திலிருந்து கான்கிரீட் கொட்டிக்கொண்டே வந்தார்கள். கம்பிக்கட்டின்மேல் போட்டிருந்த நடைபலகையில் நின்றபடி அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். போன் அடிக்கவில்லை. கலவையைக் குலுக்கி இறக்குகிற வைப்ரேட்டர்தான். ஈரக் கலவைக்குள் அதன் இரும்பு மூக்கை விடும்போதெல்லாம் அந்த நடுக்கம் கம்பி வழியாக ஓடிவந்து, பலகையில் ஏறி, செருப்பில் ஏறி, முழங்கால் வழியாக நெஞ்சுக்கு வந்து, பைக்குள் போன் நடுங்குவதாக ஒவ்வொரு முறையும் ஏமாற்றியது. போனைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தளம் போடுகிற நாளில் காண்ட்ராக்டர் போனும் கையுமாக நின்றால் ஆட்கள் கவனிப்பார்கள், கவனித்தால் பேசுவார்கள், பேசினால் கை தளரும். இந்நேரம் கோர்ட்டில் அவர்களுடைய வழக்கைக் கூப்பிட்டிருக்க வேண்டும். மாவட்டத்துக் காண்ட்ராக்டர்கள் பலரும் சேர்ந்து போட்ட வழக்கு. பழைய வேலைகளுக்குப் புது வரி கேட்டு வந்த நோட்டீசுகளுக்கு அவர்கள் வாங்கிய இடைக்காலத் தடை நேற்றோடு முடிந்துவிட்டது. இன்றைக்கு அதை நீட்டித்துவிட்டால் மூச்சு விடலாம். நீட்டிக்காவிட்டால்... அந்த இடத்தில் நினைப்பு நின்றது, திரும்பியது, வந்த வழியே நடந்து மிக்சரிடம் வந்து சேர்ந்தது. மிக்சர் சுற்றிக்கொண்டிருந்தது.

கருதப்படும். நோட்டீசின் முதல் பக்கத்தில் பாதி அவருக்குப் புரியவில்லை. புரிந்த பாதியில் இந்த ஒரு சொல் மீன்முள்போலத் தொண்டையில் மாட்டிக்கொண்டது. போன வருஷம் கொண்டுவந்த சட்டம் ஏழு வருஷத்துக்கு முன்பிருந்தே அமலில் இருந்ததாகக் கருதப்படும். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் ஓடைகளின்மேல் சின்னச் சின்னப் பாலங்கள் கட்டிக்கொண்டிருந்தார். டெண்டரில் விலை எழுதும்போது கல், மணல், சிமெண்ட், கூலி, அன்றைக்கு இருந்த வரி எல்லாவற்றையும் கூட்டி, அதன்மேல் தனக்கென்று கொஞ்சம் வைத்துத்தான் எழுதினார். வரியை அவர் போய்க் கட்டவேண்டியதுகூட இல்லை. ஒவ்வொரு பில்லிலும் ஆபீசிலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுத்தார்கள். கடைசி பில்லில், முழுத் தொகையும் வந்துவிட்டது, இந்த வேலைக்கு இனி எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்கள். அவர் கேட்கமாட்டார். அவர்கள் கேட்கமாட்டார்கள் என்று பதிலுக்கு எழுதி வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எந்தக் காண்ட்ராக்டருக்கும் தோன்றாது. கடைசி பில் கைக்கு வருகிற அன்றைக்கு மனிதன் கோயிலுக்குப் போவான், இல்லையென்றால் புரோட்டா கடைக்குப் போவான், எழுதி வாங்கிக்கொண்டிருக்கமாட்டான். அந்தப் பாலங்களின்மேல் இப்போது ஆடு போகிறது, பால்வண்டி போகிறது, மழைக்காலத்தில் அடியில் தண்ணீரும் போகிறது. பாலத்தின் விலை மட்டும் இன்னும் முடிவாகவில்லையாம். வட்டி வேறு. அன்றைக்கே கட்டாமல் விட்டதற்கு அபராதம் வேறு. அன்றைக்கு இல்லாத வரியை அன்றைக்கே எப்படிக் கட்டுவது? கருதப்படும். அப்படியானால் எதை வேண்டுமானாலும் கருதலாமே. அந்த வருஷம் மழை பெய்ததாகக் கருதப்படும். மூத்த மகள் கல்யாணத்துக்குப் பந்தலே போடவில்லை என்று கருதப்படும், சாப்பிட்டுப் போனவர்களெல்லாம் சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கவும். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு அந்த ஊசியை அன்றைக்கே போட்டதாகக் கருதி, அதனால் அம்மா செத்துப்போகவில்லை என்று... சே, என்ன நினைப்பு இது. வெயில் பிடரியில் ஏறிவிட்டது. அவர் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

பை நடுங்கியது. வைப்ரேட்டர் என்று விட்டுவிட்டார். மறுபடியும் நடுங்கியபோது பார்த்தால் வைப்ரேட்டர் ஓட்டுகிறவன் குனிந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான். எடுத்தார். லாரன்ஸ் அண்ணாச்சி. காண்ட்ராக்டர் சங்கத்துச் செயலாளர். எல்லாருக்குமாகச் சேர்த்து அவர்தான் கோர்ட் வாசலில் நிற்கிறார். “என்ன வே, தூங்குதீரா? ரெண்டு தரம் அடிச்சாச்சு.” “கான்கிரீட் ஓடுது அண்ணாச்சி. என்ன ஆச்சு?” “ஒண்ணும் ஆகல. நமக்கு முன்னால ஒரு சொத்துக் கேசு. அண்ணனும் தம்பியும் ஒரு கெணத்துக்கு அடிச்சுக்கிடுதானுவ. கெணத்துல தண்ணி கெடக்கான்னு ஒரு பயலும் கேக்கல.” நயினார் சிரித்தார். சிரிக்கிற சத்தம் தன்னுடையதுபோல இல்லை. “வக்கீல் என்ன சொல்லுதாரு?” “நம்பச் சொல்லுதாரு.” “நீங்க நம்புதீங்களா?” “நம்பாமயா விடியமுன்ன எந்திரிச்சு, ரெண்டு இட்லிய முழுங்கிட்டு பஸ் ஏறி வந்துருக்கேன்? போனை வையும், கூப்பிடுதேன்.” வைத்தார். நம்பவேண்டும். இன்னொரு காண்ட்ராக்டரான கண்ணபிரானும் நம்பினார். கண்ணபிரான் வழக்கில் சேரவில்லை. எனக்கெல்லாம் எதுக்குக் கோர்ட்டு, நேரில் போய்ப் பேசினால் தீர்ந்துவிடும் என்று போனார். போன மாதம் அவர் வீட்டுக் கேட்டில் நோட்டீசை ஒட்டிவிட்டார்கள். அவர் பெண்டாட்டி விடியற்காலம் தேங்காய் நாரும் தண்ணீரும் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் காகிதத்தை எடுத்துவிட்டாள். பசை போகவில்லை. கேட்டில் அந்தச் சதுரம் அப்படியே இருந்தது. தெருப்புழுதி அதில் மட்டும் ஒட்டி நாளுக்கு நாள் நன்றாகத் தெரிய ஆரம்பித்தது. நயினார் பார்க்கப் போனபோது ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, சத்தம் இல்லாமல் ஓடுகிற டிவிக்கு முன்னால் கண்ணபிரான் உட்கார்ந்திருந்தார். “நயினாரு, நான் என்ன செஞ்சேன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லேன்” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நயினார் காப்பியை ஊதி ஊதிக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

கான்கிரீட்டுக்கு ஒரு குணம் உண்டு. சிமெண்டில் தண்ணீர் பட்டுவிட்டால் அது யாருக்காகவும் காத்திருக்காது. இந்தச் சட்டி இறுகுவதற்குள் அடுத்த சட்டி வந்து இதோடு சேர்ந்துகொள்ள வேண்டும். நடுவில் நின்றுபோனால் பழையதும் புதியதும் ஒட்டாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று அங்கே விழுந்துவிடும். அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் இறங்கும், தண்ணீர் போய்க் கம்பியைத் தொடும், கம்பி துருப்பிடிக்கும், அதற்குக் கீழே பிள்ளைகள் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வார்கள். அதனால் தளம் போடுகிற நாளில் காண்ட்ராக்டர் இடத்தைவிட்டு நகரமாட்டார், ஆட்களும் கைவிடமாட்டார்கள். மற்ற கொத்தனார், சித்தாளுக்கெல்லாம் சனிக்கிழமைதான் கூலி. கான்கிரீட் போடுகிற ஆட்களின் செட்டுக்கு மட்டும் அன்றைய கூலி அன்றைக்கே, வண்டி ஏறுவதற்கு முன்னால், கையில். அவர்கள் நாளைக்கு வேறு ஊரில் இருப்பார்கள். இன்றைக்கு வந்திருப்பது பிச்சைக்கனியின் செட், சங்கரன்கோவில் பக்கம், மிக்சரும் வைப்ரேட்டரும் அவர்களுடையதே. பிச்சைக்கனி இவர் வயதுதான், பேச்சு குறைவு. கோர்ட்டில் என்ன ஆகிறது என்று தெரிந்தபிறகு தளம் போட்டிருக்கலாம். லாரன்ஸ் அண்ணாச்சிகூடச் சொன்னார். ஆனால் கலவையைத் தாங்கி அடியில் நிற்கிற சென்ட்ரிங் தகரத்துக்கு நாள்வாடகை ஓடுகிறது, பிச்சைக்கனி இன்றைக்கு விட்டால் அடுத்த மாதம் என்கிறார், இந்த வேலையில் இதுவரை முடித்ததற்கான பார்ட் பில் நேற்றுச் சாயந்திரம் பேங்கில் ஏறிவிட்டது. ஏறியதும் மனசும் ஏறிவிட்டது. செக்கில் கையெழுத்துப் போட்டு மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தார். செண்பகவல்லி இந்நேரம் பேங்கில் வரிசையில் நின்றுகொண்டிருப்பாள். சாரத்துப் படியில் வரிசையாக நின்று சட்டி ஏற்றிக்கொண்டிருந்த பெண்களில் கோமு என்கிறவள் அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அண்ணாச்சி அந்தப் பையையே தடவிக்கிட்டு நிக்காவ. பொண்ணு பாத்த எடத்துல இருந்து பதில் வரணுமோ என்னமோ.” மேல்படியில் நின்றவள், “இந்த வயசுலயா?” என்றாள். “ஏன், காண்ட்ராக்டருக்கு வயசு உண்டா? பில்லு வந்தா எளவட்டம், வரலைன்னா கெழவன்.” வரிசை முழுக்கச் சிரித்தது, சட்டி நிற்கவில்லை. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தளத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டதைக் கவனித்தார். கீழே செங்கல் குவியல் தெரிந்தது. இவ்வளவு ஓரத்துக்கு ஏன் வந்தோம் என்று யோசித்தார். பதில் வருவதற்கு முன்னால் பின்னால் நகர்ந்துகொண்டார்.

இரண்டாவது பீமை முடிக்கப்போகிற நேரத்தில் லாரன்ஸ் அண்ணாச்சி மறுபடியும் கூப்பிட்டார். “நயினாரு” என்றார். ‘என்ன வே’ இல்லை. “சொல்லுங்க.” “நம்ம நம்பர் வந்துது. அரசு வக்கீல் எந்திரிச்சு டைம் கேட்டாரு. குடுத்தாச்சு, ஆறு வாரம். தடையை நீட்டிக்கணும்னு நம்மாளு சொல்லுததுக்குள்ள அடுத்த கேசைக் கூப்பிட்டாச்சு.” “அப்ப தடை?” “தடை... நேத்தோட முடிஞ்சதுதான். நாளைக்கு மறுபடி போய்ச் சொல்லிப் பாப்போம்னு சொல்லுதாரு.” “நாளைக்கா?” “நான் என்ன செய்ய வே? நானும் உம்மளோடதான் நிக்கேன். வீட்டுக்குப் போகவே பயமா இருக்கு எனக்கு.” போனை வைத்தபிறகும் அந்தக் கடைசி வாக்கியம் காதிலேயே இருந்தது, லாரன்ஸ் அண்ணாச்சிக்குப் பயம் உண்டு என்று இதுவரை அவருக்குத் தெரியாது. சரி, நாளைக்கு. ஒரு நாள்தானே. ஒரு நாளில் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள், ஆபீசில் ஒரு காகிதம் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போகவே ஒரு வாரம் ஆகும், என்று நினைத்து முடிப்பதற்குள் செண்பகவல்லி கூப்பிட்டாள். அவள் மெதுவாகப் பேசினாள், பக்கத்தில் ஆள் இருக்கிறதுபோல. “மேனேஜரு தர முடியாதுங்காரு. காலையிலயே கடுதாசி வந்துட்டாம். கணக்கு முடங்கிட்டு, உள்ள போடலாம், வெளிய எடுக்க முடியாதுங்காரு. நான் என்னங்க செய்யட்டும்?” “வீட்டுக்குப் போ.” “கூலிக்கு என்ன செய்வீய?” “போன்னு சொல்லுதேன்ல.” “எங்க அண்ணன்கிட்ட வேணா...” “வேண்டாம். ஏற்கெனவே குடுத்ததே பாக்கி நிக்கி.” பேங்கில் டோக்கன் கூப்பிடும் மணி கேட்டது. “நீங்க சாப்பிட்டீயளா?” என்றாள். அவர் போனை வைத்துவிட்டார்.

நேற்றோடு முடிந்தது, இன்றைக்குக் காலையிலேயே கடிதம். காகிதம் ஓடும்போது ஓடுகிறது. சட்டிகள் வந்துகொண்டிருந்தன. கலவை சொத்தென்று விழுந்தது, கரண்டி இழுத்தது, வைப்ரேட்டர் உறுமியது, மட்டப்பலகை வழித்துக்கொண்டு போனது. இரண்டாவது பீம் முடிந்து அந்தப்பக்கம் இறங்கிவிட்டார்கள். சொல்லவேண்டும். எதைச் சொல்ல? சாயந்திரத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அதற்குள் யாரிடமாவது வாங்கிவிடலாம். யாரிடம்? சிமெண்ட் கடைக்காரர்: போன தளத்துப் பாக்கி. செண்பகவல்லியின் வளையல்: இந்தக் கம்பியாக மாறி இதோ காலுக்குக் கீழே கிடக்கிறது, கான்கிரீட் அதை மூடிக்கொண்டிருக்கிறது. வண்டியை விற்கலாம், ஒரு மத்தியானத்தில் யார் வாங்குவார்கள்? காண்ட்ராக்டர்களிடம் கேட்கலாம், எல்லாருக்கும் இதே காலையில் இதே கடிதம். சாயந்திரம் சொல்லிக்கொள்ளலாம். தளம் முடிந்தபிறகு சொன்னால் திட்டுவார்கள், சட்டையைப் பிடிப்பார்கள், கோமு மண்ணை வாரித் தூற்றுவாள். ஆனால் தளம் இருக்கும். ஒட்டு இல்லாமல் ஒரே தளமாக இருக்கும். தளம் முடிந்தால் அடுத்த பில். அந்த பில்லும் அதே கணக்கில்தான் போய் விழும். அது வேறு விஷயம். முதலில் முடியட்டும். முடித்துவிட்டால் பிறகு யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. பாலத்தையும் அப்படித்தான் முடித்தார். முடிக்கிற வரைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பாலம் என்றார்கள், தேதிக்கு முன்னால் முடித்துவிட்டீரே என்றார்கள், எல்லாம் முடிந்து தண்ணீர் ஓடி, ஆடு போய், ஏழு வருஷம் கழித்து... அந்த இடத்தில் அவருடைய நினைப்பு எதன்மேலோ கால் இடறியது. அவர் அதைத் தாண்டிப் போகப் பார்த்தார். மறுபடியும் அங்கேயே வந்து நின்றது. பிச்சைக்கனியும் கூலி பேசித்தான் வந்தார். டீசல், சோறு, வண்டி வாடகை எல்லாம் பார்த்துத்தான் பேசினார். முடிக்கட்டும், முடித்தபிறகு சொல்கிறேன் என்றால், அதற்கு என்ன பேர்? இல்லை, அது வேறு, இது வேறு. அவர்கள் அரசாங்கம், நான் மனிதன். என்னை நசுக்கினார்கள், அதனால் நான். அதனால் நான் என்ன? சட்டி விழுந்தது. ஒவ்வொரு சட்டியும் இப்போது அவருக்குத் தெரிந்தே விழுகிறது. காலையிலிருந்து விழுந்ததெல்லாம் வேறு. அதற்கு அவரும் நம்பினார், அவர்களும் நம்பினார்கள். போன் வந்தபிறகு விழுகிறதற்கு அவர்கள் மட்டும்தான் நம்புகிறார்கள். இந்தச் சட்டி முடியட்டும் என்று நின்றார். அது விழுந்தது. அடுத்தது முடியட்டும். ஓரத்தில் செங்கல் குவியல் மறுபடியும் தெரிந்தது, அங்கே போய் நிற்பது எவ்வளவு சுலபம், யாரிடமும் எதுவும் சொல்லவேண்டாம். மூன்றாவது பீமுக்கு இன்னும் பாதிதான் இருந்தது.

“பிச்சைக்கனி” என்று கூப்பிட்டார். மிக்சர் சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். “கொஞ்சம் இங்க வாரும்.”

பிச்சைக்கனி கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு கம்பிமேல் கால் பார்த்து வைத்து வந்தார். “என்ன அண்ணாச்சி, தண்ணி கூடிட்டா?”

“தண்ணி இல்ல. சாயந்திரம் கூலி குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல.”

“எது?”

“கோர்ட்டுல தடை போச்சு. பேங்குக் கணக்க முடக்கிட்டாங்க. இன்னைக்குத் தர முடியாது. என்னைக்குத் தருவேன்னும் தெரியல. அதான்.”

பிச்சைக்கனி முதலில் சிரித்தார், வேலைநடுவில் முதலாளிமார் செய்கிற வேடிக்கை என்று நினைத்ததுபோல. பிறகு முகத்தைப் பார்த்தார். “எப்ப தெரியும் ஒமக்கு?” ‘அண்ணாச்சி’ போய் ‘நீரு’ வந்துவிட்டது.

இப்போதுதான் என்று சொல்லலாம். போன் வந்ததை இவர்கள் பார்த்தார்கள், என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. நயினார் தளத்தைப் பார்த்தார். மேற்கே போட்டது வெயிலில் வெளுத்திருந்தது. இரண்டாவது பீமுக்கு இந்தப்பக்கம் அகலமான பட்டையாக, இன்னும் கறுப்பாக, ஈரமாகக் கிடந்தது. “அந்த பீமுல நிக்கும்போது” என்று அவர் கையை நீட்டிக் காட்டினார்.

பிச்சைக்கனி பட்டையை அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம்வரை பார்த்தார். “அப்ப இது?” என்றார். நயினார் நீட்டிய கையை இறக்கினார். “எல்லாரும் வேத்து விறுவிறுத்துச் சுமந்தாளுவளே வே, இது?” பிறகு பிச்சைக்கனி திரும்பி, கையை உயர்த்தி, கழுத்தை அறுப்பதுபோல் காற்றில் ஒரு கோடு இழுத்தார்.

மிக்சர் நின்றது. காதுக்குள் அது இன்னும் கொஞ்ச நேரம் சுற்றியது. அதன்பிறகு தகரத்தின் இடுக்கு வழியாகக் கீழே சொட்டுகிற தண்ணீர் கேட்டது. “என்ன அண்ணாச்சி, சோத்து நேரமா?” என்று கோமு கீழிருந்து கேட்டாள். மிக்சர் ஓட்டுகிறவன் கத்தினான்: “ஒரு கலவை உள்ள கெடக்கு. என்ன செய்ய?”

“அவருகிட்ட கேளு” என்றார் பிச்சைக்கனி. “அவரு வேலை.”

மூன்றாவது பீம்வரைக்கும் மட்டும், பாதியில் விட்டுவிடாமல் ஒரு பீமின்மேல் போய் நிறுத்துங்கள் என்று கேட்கலாம். அந்த வார்த்தைகள் வாய்க்குள் தயாராக இருந்தன. கேட்டால் ஒருவேளை செய்வார்கள் என்றும் தோன்றியது. “கீழ தட்டிரு” என்றார் நயினார்.

டிரம் சாய்ந்தது. சாம்பல் நிறக் குழம்பு கரிசல் மண்ணில் பரவியது. சாரத்திலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். பிச்சைக்கனி எல்லாரையும் வேலிநிழலில் உட்காரவைத்து என்னவோ சொன்னார். ஒரு பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். கோமு சும்மாட்டை அவிழ்த்து உதறினாள். நயினார் மேலே தனியாக நின்றார். சரிந்து கிடக்கிற இந்த விளிம்பு இப்படியே இறுகினால் நாளைக்கு முழுவதையும் உடைக்கவேண்டி வரும். ஒரு பலகையைக் குறுக்கே செங்குத்தாக நிறுத்திக் கம்பியோடு கட்டினால் குறைந்தது நேராகவாவது நிற்கும். நேராக நின்றால் பிற்பாடு யாராவது, எப்போதாவது, அதைக் கொத்திவிட்டு, அதிலிருந்து தொடங்கலாம். நீளமான பலகை. இந்த முனையைக் கலவையில் அழுத்திவிட்டு அந்த முனைக்குப் போனார். இந்த முனை சாய்ந்துவிட்டது. திரும்பி வந்து நிமிர்த்தினார். அந்த முனை போய்விட்டது. மறுபடியும் போனார். முழங்கால்வரை சிமெண்ட். கட்டுக்கம்பி விரலைக் கிழித்திருந்தது, எப்போது என்று தெரியவில்லை. மறுபடியும் வந்தார். கீழே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அவருக்குத் தெரியும், அந்தப்பக்கம் தலையைத் திருப்பவில்லை.

ஏணி கிரீச்சிட்டது. பிச்சைக்கனி ஏறிவந்து வைப்ரேட்டரின் நீளமான குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். மோட்டாரைக் கையில் தூக்கினார். போகிற வழியில் பலகையின் அந்த முனைக்கு அருகில் நின்றார். தோளில் சுமையோடு ஒரு காலைத் தூக்கிப் பலகையின் பின்புறம் முட்டுக்கொடுத்து நின்றார். நயினார் இந்த முனையைக் கம்பியோடு சேர்த்து முறுக்கிக் கட்டினார். குனிந்தபடியே நடந்து அந்த முனைக்கு வந்தார். பிச்சைக்கனியின் கால் பக்கத்தில் உட்கார்ந்து, அதையும் கட்டினார். முடிச்சு இறுகியதும் பிச்சைக்கனி காலை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கிப் போனார்.